உதவி நின்ற பின்னும் நிலைப்பது எது?

நன்கொடை வரும் காலத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது எளிது. அது நின்ற பின் நடத்துவதே கடினம். கட்டடமும் பெயர்ப்பலகையும் இருந்தும், ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்க வழியின்றிப் பூட்டிக் கிடக்கும் பாடசாலைகளை நாம் பார்த்திருக்கிறோம். இவ்விடயத்தில் வங்கதேசத்தின் அண்மைக்கால வரலாறு நமக்குப் படிப்பினை தருகிறது.

1970 நவம்பரில் அந்நாட்டின் கரையோரத்தைப் பெரும்புயல் அழித்தது. அடுத்த ஆண்டு விடுதலைப் போர் மூண்டது. ஷெல் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஃபஸ்லே ஹசன் ஆபித், லண்டனில் தமக்கிருந்த வீட்டை விற்றார். அப்பணத்தைக் கொண்டு, அகதிகளாய்ச் சென்று திரும்பிய மக்களுக்காக 1972-இல் வடகிழக்கிலுள்ள சுல்லா பகுதியில் பணி தொடங்கினார். அதுவே 'பிராக்' நிறுவனம். ஆக்ஸ்ஃபாம் போன்ற வெளிநாட்டு அமைப்புகள் அதற்குப் பொருளுதவி செய்தன.

அந்த உதவி என்றும் தொடரும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1977-இல் ஓர் அச்சகம் அமைத்தனர். மறு ஆண்டு டாக்காவில் 'ஆரோங்' என்னும் விற்பனை நிலையத்தைத் திறந்தனர். கிராமப் பெண்கள் செய்த துணிகளையும் கைவினைப் பொருள்களையும் வாங்கிய கடைக்காரர்கள், பணம் தருவதற்கு மாதக்கணக்கில் தாமதித்து வந்தார்கள். ஆரோங் உடனே பணம் தந்தது. பெண்களுக்கு வருவாய் கிடைத்தது. கடையின் ஆதாயம் நிறுவனத்தின் பிற பணிகளுக்குச் சென்றது.

வேறொரு வழியும் அங்கே இருந்தது. 1980 முதல் 1990 வரை பிராக் ஊழியர்கள் ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளுக்குச் சென்றனர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் நீரில் கரைத்துக் கொடுக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். பின்னர் வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே ஊழியரின் ஊதியம் அமைந்தது. திட்டம் முடிந்தது, கற்ற கல்வி அடுப்பங்கரையில் தங்கியது.

எல்லாம் இவ்வாறு அமைந்துவிடவில்லை. பிராக் நடத்திய இலவசப் பள்ளிகள் பெரிதும் நன்கொடையையே நம்பியிருந்தன. உதவி குறைந்தபோது அவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது. கட்டணப் பள்ளிகள் தோன்றின. கட்டணம் செலுத்த இயலாத ஏழைப் பிள்ளையின் நிலை என்ன? மேலும், அந்நிறுவனத்தின் வருவாயில் சிறுகடன் வட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வழி நமக்கு ஆகுமானதன்று.

நமக்கென்று ஒரு வழி முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தருமம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அதுவே வக்ஃபு. பள்ளிவாசலுக்கென ஒரு தென்னந்தோப்பையோ நாலு கடைகளையோ நம் முன்னோர் எழுதிவைத்தது இக்கருத்தைக் கொண்டுதான்.

ஆகவே, புதிய மதரஸாவுக்கோ மருந்தகத்துக்கோ அடிக்கல் நாட்டும் முன், கொடையாளர் விலகிய மறு ஆண்டின் கணக்கை இன்றே எழுதிப் பார்ப்போம். வரும் தொகை முழுவதையும் கட்டடத்தில் கொட்டாமல், ஒரு பங்கை வருவாய் தரும் சொத்தாக்குவோம். அதன் வாடகையும் விளைச்சலும் எங்கே செல்கின்றன என்பதை ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வைப்போம். நாம் இல்லாத காலத்திலும் அக்கதவு திறந்திருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.