காலைக் காப்பாற்றிய குழாய்

மலர்க் குழுவினர், "வரலாறு பற்றி ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, மெக்கானிக்கல் படித்தவன் என்ன வரலாறு எழுதுவது என்று யோசித்தேன். சரி, நமக்குத் தெரிந்தது குழாய்தானே, ஒரு குழாயின் வரலாற்றை எழுதுவோம் என்று துணிந்துவிட்டேன். இது நம் உடம்புக்குள் ஓடும் குழாய்.

1964 ஜனவரி 16. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகர மருத்துவக் கல்லூரி. 82 வயது மூதாட்டி ஒருவர் பாதம் அழுகிய நிலையில் படுத்திருந்தார். காலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள் டாக்டர்கள். பாட்டியோ ஒத்துக்கொள்ளவே இல்லை. அங்கே எக்ஸ்ரே துறைத் தலைவராக இருந்தவர் சார்லஸ் டாட்டர். அவரிடம் இந்தக் கேஸ் வந்தது.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே டாக்டருக்கு வேலை படம் எடுத்துக் கொடுப்பதோடு சரி. வைத்தியம் பார்ப்பது கத்தி பிடிப்பவர்களின் உரிமை. ஆனால் அதற்கு முந்தைய வருடமே, படம் எடுக்க விட்ட குழாய் ஒரு நோயாளியின் அடைபட்ட ரத்தக் குழாயைத் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு போனதை டாட்டர் பார்த்திருந்தார். தானாகப் போனதை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பாட்டியின் தொடை ரத்தக் குழாயில் ஊசி குத்தி, மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தினார். கம்பியின் மேல் முனை கூர்ந்த ஒரு டெஃப்லான் குழாய். அதன் மேல் இன்னும் பருமனான இன்னொன்று. அவ்வளவுதான். சில்லிட்டிருந்த பாதம் சூடானது. ஒரு வாரத்தில் வலி போனது, பிறகு புண்ணும் ஆறியது. அதற்குப் பின் இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்த அந்த அம்மாள், கடைசிவரை தன் இரண்டு காலால்தான் நடந்தார்.

இத்தனை சின்ன வேலைக்கு இவ்வளவு பலனா? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குப் புவசேய் விதி ஞாபகமிருக்கும். விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. (அந்தப் புவசேய் ஒரு டாக்டர் என்பதை நமக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை!)

டாட்டர் பிறந்திருக்க வேண்டியது நம்ம ஒர்க்‌ஷாப்பில். கிடார் கம்பியையும் வோல்க்ஸ்வாகன் காரின் ஸ்பீடாமீட்டர் கேபிளையும் வைத்துப் பரிசோதனை செய்த ஆள். 1963-ல் சிகாகோ மாநாட்டில் பில் குக் என்பவர் ஊதுவிளக்கு வைத்து டெஃப்லான் குழாய்க்கு முனை செய்துகொண்டிருந்தார். டாட்டர் அந்த விளக்கை இரவல் வாங்கி ஓட்டல் அறைக்குக் கொண்டுபோய், மறுநாள் பத்துக் குழாயோடு வந்து நின்றாராம்.

சொந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'கிறுக்கு சார்லி'. படம் மட்டும் எடுங்கள், சரிசெய்யப் பார்க்காதீர்கள் என்று சீட்டு எழுதி அனுப்பிய சர்ஜன்களும் உண்டு. ஐரோப்பாவில்தான் மதிப்பு. அங்கே இந்த வைத்தியத்துக்கே 'டாட்டரிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. பருமனான குழாய் போக வேண்டுமானால் தொடையிலும் அதே அளவு ஓட்டை வேண்டும். ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற இளம் டாக்டர் இதற்கு விடை தேடினார். ஒல்லியாக உள்ளே போய், அடைப்பில் மட்டும் உப்ப வேண்டும். சாதாரண ரப்பர் பலூன் சரிப்படாது. அடைப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, இளக்கமான பக்கமாகப் பிதுங்கிக்கொள்ளும். குறித்த விட்டத்துக்கு மேல் விரியாத பொருள் வேண்டும். கடைசியில் பி.வி.சி. கைகொடுத்தது. பலூன் உருவானது அவர் வீட்டுச் சமையலறை மேஜையில். 1974 பிப்ரவரியில் அதை முதலில் வைத்தது காலில்தான். 1977 செப்டம்பர் 16 அன்றுதான் இதயத்துக்குப் போனது. இன்று ஊரெல்லாம் தெரிந்த ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தாய்வீடு கால்!

1985-ல் டாட்டரும் காலமானார். அதே வருடம் விமான விபத்தில் குருன்ட்சிக்கும் போய்விட்டார்.

நான் இதையெல்லாம் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியப்பா. சர்க்கரைக்காரர். பெருவிரல் கறுத்ததும் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரத்தக் குழாயைப் படம் பிடித்துப் பார்க்கலாம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. அந்த அடைப்பு திறக்கக்கூடியதா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நம் செட்டில் பலருடைய அப்பா அம்மாவுக்கு இப்போது அந்த வயதுதான். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? பாதப் புண் ஆறாமல் இழுக்கிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலியே தெரியாமலும் இருக்கும். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டாலே முதல் தகவல் கிடைத்துவிடும். ஊசி குத்த வேண்டியதுகூட இல்லை. காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், குழாயைப் பார்த்தீர்களா டாக்டர் என்று கேளுங்கள்.

எல்லாக் காலையும் பலூன் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நல்ல சிரை கிடைக்கிற நோயாளிகளுக்குப் பைபாஸ் ஆபரேஷனே மேல் என்று வந்தது. 2023-ல் பிரிட்டனில் இருந்து வந்த ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் பலூன் பக்கம் போவதே நல்லது என்றது. டாட்டருக்கும் சர்ஜன்களுக்கும் நடந்த வழக்கு 60 வருடமாகியும் தீர்ந்தபாடில்லை.