காலநிலை மாற்றமும் உடல்நலக் கேடும்: சட்டத்தில் சான்று

காலநிலை மாற்றத்தால் ஒருவரது உடல் கெட்டது என்று சட்டத்தின் முன் நிறுவ இரண்டு சான்றுகள் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததால்தான் வெப்பம் கூடியது என்பது ஒன்று. அந்த வெப்பமே அவரது உடலைக் கெடுத்தது என்பது மற்றொன்று.

முதற்சான்று 2004இல் உருப்பெற்றது. முந்தைய ஆண்டு ஐரோப்பாவைச் சுட்ட வெயில் போன்றது நேரும் வாய்ப்பை மனிதச் செயல்கள் குறைந்தது இருமடங்காக்கியதாகப் பீட்டர் ஸ்டாட் குழுவினர் கணித்தனர். 43 நாடுகளில் 1991 முதல் 2018 வரை வெப்பத்தால் நேர்ந்த இறப்புகளில் 37 விழுக்காட்டுக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று 2021இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது.

இரண்டாம் சான்று தமிழகக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. கடலாடி வட்டத்தின் வாலிநோக்கத்தில் அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் உப்பு விளைவிக்கிறது. உப்பு வாரும் காலமும் கடுங்கோடையும் ஒன்றே. பாத்தியில் நிழல் கிடையாது, வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு அதன் விளைவு. தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்தனர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

இந்தியச் சட்டம் மெதுவாகவே இங்கு வந்தது. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. காலநிலை நடவடிக்கை கோரி உத்தராகண்டைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி ரித்திமா பாண்டே 2017இல் தொடுத்த வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் தள்ளிவிட்டது. திருப்பம் கானமயிலைக் காக்கத் தொடுத்த ரஞ்சித்சிங் வழக்கில் நேர்ந்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபடும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் உள்ளது என்றும், உயரும் வெப்பம் நலவாழ்வு உரிமையைத் தாக்குகிறது என்றும் 2024 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 19 நாள் கழித்து, சுவிட்சர்லாந்தின் மூதாட்டிகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டைக் குற்றங்கண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. பயனுள்ள ஆணைதான். ஆனால் அது பார்ப்பது வெப்ப அலையை. வானிலைத் துறையின் கணக்கில் கடற்கரையில் வெப்ப அலை என்பது 37 பாகை செல்சியசைத் தொட்டு, இயல்பைவிட 4.5 பாகை கூடும் நாள். உப்பளத்தில் சிறுநீரகத்தைத் தேய்ப்பதோ ஒவ்வொரு கோடையிலும் வரும் வழக்கமான வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும். அந்தச் சேதத்துக்கு இன்னும் இழப்பீட்டு வழி திறக்கவில்லை.