எம் சிறுவர்க்கு எந்நூல்?

சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மலர் தூவி வணங்குவது எம் முன்னோர் எமக்கு விட்டுச் சென்ற நல்வழக்கம். மறுநாள் விசயதசமியிலே குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குகின்றோம். நூலைத் தெய்வமாகப் போற்றும் சமூகத்திலே பிறந்தோம் என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும் சென்ற நவராத்திரியின்போது நாம் கண்ட காட்சி ஒன்று அப்பெருமையைச் சற்றே அசைத்துவிட்டது.

களுபோவிலையில் அன்பர் ஒருவர் இல்லத்திற் பூசைக்காக நூல்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் புத்தகங்களையெல்லாம் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் ஆங்கிலம். “பிள்ளை, தமிழ்ப் புத்தகம் ஒன்றும் இல்லையோ?” என்று அங்கிருந்த பாட்டி ஒருவர் கேட்டார். சிறுமி உள்ளே ஓடிப்போய், சுவரிலே தொங்கிய பஞ்சாங்கத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள்! அவள் வீட்டிலிருந்த ஒரே தமிழ்ப் புத்தகம் அதுதான். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்தபின் ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பிள்ளையைக் குறை கூறலாமா? அவளுக்கு நாம் என்ன நூலைக் கொடுத்தோம்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, எமக்கு முன் வாழ்ந்தோர் இதே கேள்வியைக் கேட்டு, அதற்காக உழைத்த வரலாறு எம் கண்முன் விரிந்தது. அதனையே பெரியோர்க்கும் எம்மையொத்த வாலிபர்க்கும் இங்கே கூற விழைகின்றோம்.

அரசன் கேட்ட கேள்வி

பிள்ளைக்கு எதைப் படிப்பிப்பது என்னும் கவலை மிகப் பழையது. படிப்பில் நாட்டமற்ற மூன்று புதல்வரை வைத்துக்கொண்டு கலங்கிய அரசனொருவன், விட்டுணுசருமன் என்னும் முதிய அந்தணரிடம் அவர்களை ஒப்படைத்தான் என்பதே பஞ்சதந்திரத்தின் தோற்றுவாய். அம்முதியவர் இலக்கண நூலையோ சாத்திரத்தையோ முதலில் எடுக்கவில்லை. காகத்தையும் நரியையும் ஆமையையும் பேசவைத்துக் கதை சொன்னார். ஆறு திங்களில் அரசகுமாரர் அறிவு பெற்றனர் என்கின்றது நூல். ‘கதைப் புத்தகம் வாசித்தாற் பிள்ளை கெட்டுப்போகும்’ என்று இன்றும் கூறும் பெரியோர்க்கு எம் பணிவான விடை இதுவே. இக்கதைகளைத் தாண்டவராய முதலியார் தமிழ் வசனத்திலே தர, அது 1826இற் சென்னையில் அச்சேறியது.

இங்கிலாந்திலே ஜோன் நியூபெரி என்னும் புத்தக வணிகர், சிறுவர் மகிழ்ந்து வாசிப்பதற்கென்றே 1744இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதுவரை அங்கும் பெரும்பாலும் பாடமும் போதனையுமே பிள்ளைகளுக்குக் கிடைத்தன. போதனை முந்துவதும் மகிழ்ச்சி பிந்துவதும் எந்நாட்டிற்கும் பொதுவான வரலாறு போலும்.

நாவலர் கண்ட வழி

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. வகுப்பு வகுப்பாகப் பிரித்த பாடநூல்களும் சிறு பிரசுரங்களும் பிள்ளைகளின் கைகளை அடைந்தன. அவற்றின் நோக்கம் சமயப் பரம்பலே. ஆயினும், சிறுவனுக்கு அவன் வயதுக்கேற்ற நூலை அச்சிட்டு மலிவாகக் கையிற் கொடுக்க வேண்டும் என்னும் முறையை இம்மண்ணில் ஊன்றியவர்கள் அவர்களே. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் அதனை நன்றியோடு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

நல்லூரில் 1822இற் பிறந்த ஆறுமுகநாவலரும் மிஷன் பாடசாலையிற் பயின்றவரே. பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்து, வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். பாடசாலை எழுந்தது, பிள்ளைகள் வந்தனர், வாசிக்க நூல் எங்கே? 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். வித்தியாநுபாலன யந்திரசாலை பிறந்தது, பாலபாடங்கள் வெளிவந்தன.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். மிஷனாரின் நூலைப் படிக்காதே என்று சொல்வதோடு நாவலர் நின்றுவிடவில்லை. அந்நூலுக்கு ஈடான நூலைத் தாமே எழுதினார். அவர்களிடங் கண்ட முறையையே கைக்கொண்டார். முதற் பாலபாடம் எழுத்தும் சிறு சொற்றொடருமாகத் தொடங்கும். படிப்படியாக வளர்ந்து நான்காம் பாலபாடம் கல்வி, நன்றியறிதல், பொய், களவு, சூது என்று கட்டுரைகளாக விரியும். சந்திகளைப் பிரித்து, நிறுத்தக் குறியிட்டு, இளையோரும் தடுக்கின்றி வாசிக்கத்தக்க வசனத்தை அவர் ஆக்கித் தந்தார். வேண்டாததைத் தடுப்பதிலும் வேண்டியதைப் படைத்தலே நன்று என்பதே நாவலர் வரலாறு எமக்குக் கற்பிக்கும் பாடம்.

எனினும், உண்மையை மறைத்தல் அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. சாதி வேற்றுமையை அவர் ஏற்றுக்கொண்டவர். அதனை இன்று நாம் ஏற்பதற்கில்லை. அவர் நடையும் இக்காலப் பிள்ளைக்குச் சற்றே வல்லென்று தோன்றும். ஆதலாற் பாலபாடத்தை நாம் முதல் நூலாகப் பரிந்துரைக்கவில்லை. பதினைந்து வயதளவில், விளக்கிச் சொல்ல வல்லார் ஒருவர் துணையுடன், வரலாறாகப் படிக்கவேண்டிய நூல் அது என்பதே எம் துணிபு.

தங்கத் தாத்தா தந்த மகிழ்ச்சி

அறிவுரை வந்தது, பிள்ளையின் சிரிப்பு எங்கே? அதனைத் தந்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். ஆடிப்பிறப்பு நாளின் கூழையும் கொழுக்கட்டையையும் அவர் பாடினார். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். பிள்ளை தன் வீட்டு முற்றத்தையும் தன் அம்மாவின் அடுப்படியையும் அப்பாட்டுக்களிலே கண்டது. ‘தங்கத் தாத்தா’ என்று நாடு அவரை அழைத்ததில் வியப்பென்ன? 1953இல் அவர் மறைந்தபின், சிறுவர்க்கான அவர் பாடல்கள் ‘சிறுவர் செந்தமிழ்’ என நூலுருப் பெற்றன. வடபகுதித் தமிழாசிரியர்களின் முயற்சியால் 1935இல் ‘பிள்ளைப் பாட்டு’ வெளிவந்ததும் இங்கு நினைத்தற்குரியது.

தமிழகத்திலும் அக்காலத்தை ஒட்டி அலையொன்று எழுந்தது. 1947இல் ‘அம்புலிமாமா’ தோன்றியது. 1950இற் ‘கண்ணன்’ வந்தது. அதே 1950இற் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா முதலியோர் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினர். எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தபாலுக்குக் காத்திருந்து, ஒரே இதழை ஐந்தாறு வீட்டாராகப் பங்கிட்டு வாசித்த கதையைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்தப் பசி இன்று எங்கே போயிற்று?

எரிந்த ஏடுகள்

இக்கேள்விக்குப் பிள்ளைகளை மாத்திரம் நோக்கி விடை கூறலாகாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திற் சேர்த்த நூல்களிலிருந்து முளைத்தது. அழகிய புதிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அதற்காக அரும்பாடுபட்டவர்களுள் ஒருவர், சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் என்னும் ஐரிஷ் பாதிரியார். 1981ஆம் ஆண்டு, மே முடிந்து ஜூன் பிறந்த வேளையில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு அந்நூலகம் எரிக்கப்பட்டது. அந்தத் தீயைக் கண்ட தாவீது அடிகளார் என்னும் தமிழறிஞர் அதிர்ச்சியால் உயிர்நீத்தார். நூல்நிலையம் எரிவதைக் கண்டு ஒருவர் இறந்தார் என்றால், நூலை எவ்வளவு நேசித்திருப்பார்! இரண்டாண்டு கழித்து, 1983 ஆடியில், இந்தக் கொழும்பிலும் எத்தனையோ தமிழ் வீடுகள் தீக்கிரையாயின. வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு புத்தகங்களும் போயின. பஞ்சாங்கம் ஒன்றே எஞ்சிய வீடுகள் சில இப்படியும் உண்டாயின என்பதை மறத்தலாகாது.

யாழ்ப்பாண நூலகம் மீள எழுந்துவிட்டது. 2005இலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டம், ஈழத்து ஏடுகளை மின்வடிவாக்கி யாவர்க்கும் இலவசமாக அளித்து வருகின்றது. 1942இற் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில், நாம் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றது. ஆகவே, நூல் இல்லை என்று இனி நாம் சொல்ல முடியாது.

நாம் முன்வைக்கும் நூல்கள்

ஐந்து முதல் எட்டு வயதுவரை காதுக்கே முதலிடம். சோமசுந்தரப் புலவரின் பாடல்களும் வள்ளியப்பாவின் பாடல்களும் போதும். பொருள் கேட்டுத் துன்புறுத்தாமற் பாடவிட வேண்டும். ஆத்திசூடியை ஔவைப் பாட்டியின் குரலாகவே எங்கள் பாட்டிமார் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஒன்பது முதற் பன்னிரண்டு வயதுவரை கதைக்குரிய பருவம். பஞ்சதந்திரக் கதைகளையும், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் கொடுப்போம். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் தமிழிலே எழுதிய நகைச்சுவை அது. வயிறு வலிக்கச் சிரித்த பிள்ளை இன்னொரு நூலைத் தானே தேடும். இதிகாசங்களுக்கு ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ ஆகியவற்றிலும் எளியன நாம் அறியோம். எம் அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் வெளிவந்தது. குறும்புச் சிறுவர் இருவர் தீவொன்றைத் திருத்திப் பயிரிடும் கதை. அதனையும் எம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஒரே ஒழுங்கையில் வாழ்வோர் ஒருவர் கதையை ஒருவர் அறியாதிருத்தல் அழகன்று.

பதின்மூன்றுக்கு மேல், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதற் பத்திரிகையிலே தொடராக வந்த இந்நாவலில் ஈழத்துக் காட்சிகள் நிறைய உண்டு. ஆயினும் இது கற்பனை கலந்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் பொலனறுவைக்கு அழைத்துச் செல்லுங்கள். இராசராசன் தேவியின் பெயரால் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் கருங்கல்லாய் இன்றும் அங்கே நிற்கின்றது. கதை எது, வரலாறு எது என்று அந்தக் கல்லின் முன்னே பிள்ளை தானே சிந்திக்கத் தொடங்கும்.

அடுத்து, உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஏட்டைத் தேடி ஊரூராய் நடந்த ஒருவரின் வாழ்க்கை இது. அவருக்கு முன்னோடியாகவும் பதிப்புத் துறையில் உடன் உழைத்தவராகவும் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை எம் சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர் என்பதையும் இளைஞர் அறியட்டும். காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யையும், மு. வரதராசனாரின் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்னும் கடித நூல்களையும் இவற்றோடு சேர்க்கின்றோம். ஐயம் தீர்க்க, பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாய் வந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ துணைசெய்யும். அறிவியற் செய்திகள் பழையனவாயின், புதியதைத் தேடும் வேலையை மாணவர்க்கே விடலாம்.

செய்யவேண்டியது

பெரியோர்களே! உங்களிடம் நாம் பணத்தைக் கேட்கவில்லை. இரவிலே கால் மணித்தியாலத்தைக் கேட்கின்றோம். கைத்தொலைபேசியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் உரக்க வாசியுங்கள். நீங்கள் தொடாத நூலைப் பிள்ளை தொடாது.

வாலிப அன்பர்களே! எம் சங்கத்திலே பூட்டிக் கிடக்கும் புத்தக அலுமாரியைத் திறப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாமே வந்து தமக்குப் பிடித்ததை எடுத்துச் செல்லட்டும். கிழிந்தால் ஒட்டுவோம். தொலைந்தால் வேறு வாங்குவோம். கிழியாமல் அலுமாரிக்குள் இருக்கும் நூலால் யாருக்கு என்ன பயன்?

அந்தச் சிறுமிக்குச் ‘சிறுவர் செந்தமிழ்’ப் பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கின்றோம். எழுத்துக் கூட்டியே வாசிக்கின்றாள். ‘வெருளி’ என்றால் என்ன என்று பாட்டியிடம் கேட்டாளாம். பாட்டி பழைய சட்டையும் வைக்கோலும் எடுத்து ஒன்று செய்தே காட்டினாராம். வரும் நவராத்திரியில் அந்நூல் சந்தனப் பொட்டோடு பூசையில் இருக்கும். ஓரங்களிலே அவள் விரலழுக்கும் படிந்திருக்குமாயின், கலைமகள் அதனையே முதலிற் கையேற்பாள் என்பது எம் நம்பிக்கை.