மலைநாட்டுச் சொல்லிசையும் யோகி பி.யும்

ஒரு மொழியின் வரலாறு என்பது ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கியத்தின் வரலாறு மட்டுமன்று. ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அச்சேறுவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் நாவில் வாழ்ந்தன. மலேசியத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் பாடிய பாடல்களையும் பிற்காலத்து அறிஞர்கள் திரட்டி வைத்தனர். பாடப்பட்ட காலத்தில் அவற்றை இலக்கியமென எண்ணியவர் மிகச் சிலரே. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த தமிழரின் பிள்ளைகள் என்ன பாடினர் என்னும் வினா இன்று எழுகின்றது. அதற்கான விடைகளுள் ஒன்று சொல்லிசை. ஆங்கிலத்தில் ராப் எனப்படும் இக்கலையைத் தமிழில் நிலைநிறுத்திய முன்னோடிகளுள் கோலாலம்பூரின் யோகி பி. தலையாயவர்.

சொல்லிசையின் பிறப்பிடம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. 1973ஆம் ஆண்டு அங்குக் கறுப்பினத்து இளைஞர் நடத்திய நடன விருந்துகளில், இசைத்தட்டின் தாளப் பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அதன்மேல் சொற்களை அடுக்கிப் பேசும் முறை உருவாயிற்று. 1979இல் அது இசைத்தட்டாகி உலகெங்கும் பரவியது. அதே காலத்தில் இங்கிலாந்தில் வேலையற்ற இளைஞரின் சினத்திலிருந்து பங்க் இசையும், அதனையடுத்துப் பிந்தைய பங்க் எனப்படும் இசையும் தோன்றின. இசைப்பயிற்சி இல்லாதவரும் பாடலாம், பெரு நிறுவனத்தின் தயவின்றியும் தட்டு வெளியிடலாம் என்பதே அவ்வியக்கத்தின் உயிர்க்கொள்கை. இலண்டனின் தி கிளாஷ் குழுவினர் நியூயார்க்கில் கேட்ட சொல்லிசையை 1980ஆம் ஆண்டிலேயே தம் பாடலொன்றில் கையாண்டனர். இவ்விரு நீரோட்டங்களும் கலந்த கடலிலிருந்து வந்த அலையே பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கையும் தொட்டது.

அலை வந்து சேர்ந்த கரை எத்தகையது என்பதையும் அறிதல் வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற இடம். இரயில்வே வேலைக்காகத் தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்குக் குடியேறினர். கிள்ளானைச் சூழ்ந்த நிலம் இரப்பர்த் தோட்டங்களால் நிறைந்திருந்தது. தோட்டத் துண்டாடலாலும், பின்னர் அந்நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியதாலும், தலைமுறை தலைமுறையாக லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புறத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடம் பெயர்ந்தன. கோயிலும் பள்ளியும் உறவும் ஓரிடத்தில் இருந்த வாழ்வு சிதறியது. அச்சிதறலில் வளர்ந்த பிள்ளைகளின் செவியில் திரையிசை, வானொலி, உறுமி மேளம், மலாய்ப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு ஆகிய யாவும் ஒருங்கே ஒலித்தன.

இந்நாட்டில் மெல்லிசை பாடிப் புகழ்பெற்ற தமிழர் முன்பும் இருந்தனர். 1960களின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழு, லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தாரைத் தூணாகக் கொண்டது. முதலில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிய இக்குழு, ஹாங்காங் விடுதிகளில் சில காலம் பாடித் திரும்பியபின் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டது. தலைநகரைப் புன்னகைக்கச் சொல்லும் அவர்களுடைய மலாய்ப் பாட்டு எல்லா இனத்தாராலும் பாடப்பட்டது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது நாடே ஒரு கலைஞனை இழந்ததாக வருந்தியது. தமிழரின் குரலுக்குக் கிட்டிய பெருமை அது. எனினும் அப்புகழின் மொழி தமிழன்று. நாட்டின் மேடையில் ஏற விரும்பிய தமிழன் தன் மொழியைக் கீழே வைத்துவிட்டே ஏற வேண்டுமோ என்னும் ஐயம் அக்கால இளைஞர் சிலர்க்கேனும் எழுந்திருத்தல் இயல்பு.

யோகி பி.யின் இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். 1990களில் தலைநகரில் உருவான பொயட்டிக் அம்மோ என்னும் குழுவின் வழியே அவர் அறிமுகமானார். கவிதைத் தோட்டாக்கள் என்பது அப்பெயரின் பொருள். தமிழரும் சீனரும் கூடிய அக்குழு 1998இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீசு ஆகிய மொழிகளில் பாடல்கள் இடம்பெற்றன. அரசு விழாக்களில் பேசப்படும் இன ஒற்றுமை தெருவில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அத்தொகுப்பு காட்டியது எனலாம். ஆயினும் அதில் தமிழ் பல மொழிகளுள் ஒன்றாகவே நின்றது.

அடுத்து அவர் எடுத்த முடிவே அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. பன்மொழிப் பாடலால் பெயர் பெற்றவர், மேலும் பெரிய சந்தையை நாடி ஆங்கிலத்திற்கோ மலாய்க்கோ முழுமையாகச் சென்றிருக்கலாம். அவர் தமிழை நோக்கித் திரும்பினார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இளைஞரோடு சேர்ந்து யோகி பி. & நட்சத்திரா என்னும் பெயரில் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். தமிழ்ச் சொல்லிசைக்கெனவே அமைந்த முழுத் தொகுப்புகளுள் அது முன்னோடியானது. தமிழ்த் திரையில் 1994ஆம் ஆண்டின் 'காதலன்' படத்திலேயே 'பேட்டை ராப்' ஒலித்திருந்தது. ஆனால் அது கதையின் இடையே வந்த ஒரு வேடிக்கைப் பாட்டு. 'வல்லவன்' தொகுப்பிலோ சொல்லிசையே கலைஞர் தம்மை வெளியிடும் முழுக் கருவியாயிற்று.

அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது 'மடை திறந்து'. 1980இல் பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடித்தளமாகக் கொண்டு அவர்கள் தம் சொற்களைக் கட்டினர். இத்தெரிவு பொருள் பொதிந்தது. மூலப்பாடல், வாய்ப்புத் தேடி அலையும் இளம் இசைக்கலைஞன் ஒருவன் தன் இசையை உலகம் கேட்கும் நாளைக் கனவு காண்பதாக அமைந்தது. அக்கனவைக் கடல் கடந்த நாட்டில் இருந்த தமிழ் இளைஞர் தம்முடையதாக ஆக்கிக்கொண்டனர். பழைய பாடலைத் தாளத்திற்கு மட்டும் பயன்படுத்தாது, அதன் உள்ளத்தையும் பெற்றுக்கொண்டனர்.

கனவு வீணாகவில்லை. 2007இல் வெளிவந்த 'பொல்லாதவன்' படத்தில், 1979ஆம் ஆண்டின் 'நினைத்தாலே இனிக்கும்' படப் பாடலொன்று புதுவடிவம் பெற்றபோது, அதனை முதலில் பாடிய பாலசுப்பிரமணியத்தோடு யோகி பி.யின் குரலும் இணைந்தது. அப்பழைய படம் சிங்கப்பூருக்கு வந்து பாடும் ஓர் இசைக்குழுவின் கதை. தமிழகத்திலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் பாட்டு வந்தது ஒரு காலம். கோலாலம்பூரிலிருந்து தமிழகத்திற்குப் பாட்டு சென்றது மற்றொரு காலம். 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' முதலிய படங்களிலும் அவர் குரல் ஒலித்தது.

இதே ஆண்டுகளில் இலண்டனிலும் ஒரு தமிழ்க்குரல் எழுந்தது. மாதங்கி அருட்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்து, குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, போரினால் பெயர்ந்து, மீண்டும் இலண்டனில் அகதியாக வளர்ந்தவர். எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் அவர் 2005இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்குத் தந்தையை நினைத்தும், 2007இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்புக்குத் தாயை நினைத்தும் பெயரிட்டார். இரண்டாம் தொகுப்பில் தமிழகத்து உறுமி முழங்கியது. அதன் புகழ்பெற்ற பாடலொன்று தி கிளாஷ் குழுவின் இசைத்துணுக்கின்மேல் எழுந்தது. அவர் ஆங்கிலத்தில் பாடித் தமிழரின் துயரை உலகுக்குக் காட்டினார். யோகி பி. தமிழிலேயே பாடித் தமிழர் பிள்ளைகளைத் தம் மொழியிலேயே நிமிரச் செய்தார். இரண்டும் பணிகளே. ஆயின் மொழியின் எதிர்காலத்தை எண்ணுவோர்க்கு இரண்டாவது பணி நெருக்கமானது.

ஆசிரியரும் மாணவரும் சிறப்பாகக் கருத வேண்டியது இப்பாடல்களின் யாப்பு. ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியிறுதி ஒலியொப்பை நம்புவது. தமிழ் மரபு இதனை இயைபு என வழங்கும். தமிழ் வினைகள் ஒரே விகுதியில் முடிவதால் இயைபு எளிதில் கிட்டும். 'வருகிறான், தருகிறான்' என முடிப்பதற்குப் பெரும்புலமை தேவையில்லை. ஆகவே தமிழில் சொல்லிசைப்போன் வெறும் இயைபோடு நின்றால் பாட்டு சலித்துவிடும். எதுகையும் மோனையும் அவனுக்கு இன்றியமையாதனவாகின்றன. 'உழைப்பு, பிழைப்பு' என்றும், 'தோட்டம், வாட்டம், ஓட்டம்' என்றும் சொற்கள் அமையும்போது எதுகையும் இயைபும் ஒருங்கே வாய்க்கின்றன. தாளத்திற்கேற்பக் குறிலையும் நெடிலையும் வல்லொற்றையும் அடுக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. அருணகிரிநாதரின் சந்தங்களைப் பயின்ற செவிக்குச் சொல்லிசையின் வேகம் அயலாகத் தோன்றாது. யாப்பிலக்கணத்தை வறண்ட பாடமென எண்ணும் மாணவனிடம் இவ்வுறவை எடுத்துக்காட்டினால், தான் அறியாமலே தொல்காப்பியர் வகுத்த தொடையைக் கையாள்வதை அவன் உணர்வான்.

இக்கலையின்மேல் கூறப்படும் குறைகளையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆங்கிலச் சொற்கள் மிகுந்து வருகின்றன, கொச்சை பயில்கின்றது, தற்புகழ்ச்சி மேலோங்குகின்றது என்பர் தமிழன்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. முன்னோடிகளைப் பின்பற்றியோருள் சிலர், கருத்தை விடுத்து ஆரவாரத்தை மட்டும் பற்றிக்கொண்டனர். ஆயினும் இக்கலப்பு நகர்த் தெருவில் முன்பே இருந்தது. பாடல் அதனைப் படைக்கவில்லை. தமிழே பேசாத பிள்ளையைவிடக் கலப்புத் தமிழில் பாடும் பிள்ளையிடம் நல்ல தமிழைக் கொண்டு சேர்ப்பது எளிது. தற்புகழ்ச்சியும், வேறு எவராலும் புகழப்படாதவனின் குரலாக ஒலிக்கும்போது, வேறொரு பொருள் பெறுகின்றது.

சொல்லிசை பின்னர்த் தமிழகத்தில் ஆழ வேரூன்றியது. ஹிப்ஹாப் தமிழா இருவரும், அறிவு முதலிய கவிஞரும் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றனர். 2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து முளைத்தது. தோட்டத்து உழைப்பாளியின் மரபு மீண்டும் பாட்டாயிற்று. இந்நெடிய வரிசையின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் பெயரும் எழுதப்படுதல் வேண்டும்.

மலேசியத் தமிழரின் இலக்கிய வரலாறு கவிதை, சிறுகதை, புதினம் என்னும் பிரிவுகளோடு பெரும்பாலும் நிறைவுறுகின்றது. பாடல் அதில் ஓர் ஓரத்தையே பெறுகின்றது. பால்மரக் காட்டின் பாடல்களைத் திரட்ட அறிஞர் முற்பட்டபோது, பாடியவர்களுட் பலர் மறைந்திருந்தனர். பல பாடல்கள் அவர்களோடே போயின. நகரத்துப் பாடல்களைப் பாடியவர் இன்று நம்மிடையே உள்ளனர். ஒலிநாடாவும் குறுந்தட்டும் இன்னும் முற்றிலும் அழியவில்லை. அவற்றைச் சேகரித்து, பாடியவர் சொல்லக் கேட்டு எழுதி, வகுப்பறையில் ஆராயும் பணி இத்தலைமுறை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது.