பதினெட்டு வயதுத் தந்தை

பெரியோர் முன்னிலையில் தான் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச இளந்தந்தை கூசிய காலம் ஒன்றுண்டு. மேலப்பாளையத்துத் தறி வீடுகளும் அதற்கு விலக்கல்ல. குழந்தை பாட்டனாரின் மடியில் கிடக்கும். மீசை அரும்பிய வாப்பாவோ குழித்தறியில் தலை குனிந்திருப்பார். கூட்டுக் குடும்பம் சுமையைத் தாங்கிக்கொண்டதால் அவர் தந்தையாவதற்கு அவசரமே எழவில்லை. அவ்வாறு தள்ளிப்போன தந்தைமைக்கு யார் விலை கொடுத்தார் என்பதை மறைக்காமல் எழுதி வைத்தவர் காந்தியடிகள்.

13 வயதில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. 1885-இல் தந்தையார் கரம்சந்த் மறைந்தார். அதையொட்டிப் பிறந்த முதற்குழந்தை மூன்று நான்கு நாட்களுக்கு மேல் தங்கவில்லை. அப்போது அவர் 16 வயதுச் சிறுவர். 1888-இல் ஹரிலால் பிறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், கைக்குழந்தையை விட்டு, 18 வயதுத் தந்தை இலண்டனுக்குக் கப்பலேறினார். 1891-இல் திரும்பினார், 1893-இல் மீண்டும் கப்பல், இம்முறை தென்னாப்பிரிக்காவுக்கு. குடும்பத்தோடு அவர் டர்பனில் கரையிறங்கியது 1897 ஜனவரியில்தான். தந்தையின் நிழலில் நிலையாக வாழும் வாய்ப்பு வந்தபோது ஹரிலாலுக்கு ஒன்பது வயதை எட்டும் பருவம்!

டர்பனில்தான் காந்தியடிகள் தந்தையாகக் கற்றார். கற்றார் என்று சொல்வது மிகையன்று. தரும மருத்துவமனை ஒன்றில் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் பணிசெய்து நோயாளரைப் பேணப் பழகினார். திரிபுவன்தாஸ் என்பார் தாய்மார்களுக்காகக் குஜராத்தியில் எழுதிய நூலைக் கருத்தூன்றிப் படித்தார். அங்கே பிறந்த இரு குழந்தைகளையும் நீராட்டுவது முதல் பேணுவது வரை தாமே செய்தார். செவிலி அமர்த்தியதெல்லாம் கஸ்தூரிபாவுக்கு உதவியாகவே. 1900 மே மாதம் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவர் உடனே கிட்டவில்லை. மருத்துவச்சியை அழைத்துவரவும் நேரமில்லை. பிள்ளைப்பேற்றைத் தாமே நின்று பார்த்தார், பதறவில்லை என்கிறார். 30 வயது பாரிஸ்டர் இதைச் செய்வது அக்காலத்தில், ஏன், இக்காலத்திலுங்கூட, எத்தனை வீடுகளில் நடக்கும்?

ஆயினும் அந்தப் பாடத்தின் பயன் இளையவர்களுக்கே கிடைத்தது. மூத்தவருக்குக் கிடைத்தவர் அதன்பின் வந்த கண்டிப்பான சீர்திருத்தக்காரர். ஹரிலால் தந்தையின் போராட்டத்தில் இறங்கி, டிரான்ஸ்வாலில் தமிழ்த் தோழர்களைப் போலவே பலமுறை சிறை சென்றார். மக்கள் அவரைச் 'சின்ன காந்தி' என்றனர். அவர் விரும்பியதோ தந்தை பெற்ற அதே பாரிஸ்டர் கல்வி. நண்பர் பிராண்ஜீவன் மேத்தா ஒருவரை இலண்டனில் படிக்கவைக்க முன்வந்தபோது, காந்தியடிகள் தம் மகனைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் உறவினர் சகன்லாலையும், பின்னர் சொராப்ஜி என்னும் பார்சி இளைஞரையும் அனுப்பினார். நீதி தவறாத முடிவுதான். ஆனால் நீதிமானாக நடந்துகொள்ளுமுன் தந்தையாக அவர் தீர்க்க வேண்டிய பாக்கி ஒன்று இருந்தது. 1911-இல் ஹரிலால் பிரிந்து சென்றார்.

1936-இல் அவர் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பூண்டதும், சில மாதங்களிலேயே ஆரிய சமாஜத்தின் வழியாகத் திரும்பியதும் பலர் அறிந்த செய்தி. அன்று மாலையிட்டவர்கள் மகாத்மாவின் மகனுக்கு மாலையிட்டார்கள். ஹரிலால் என்ற மனிதரைக் கேட்டறிந்தவர் சிலரே.

மூத்த மகனின் குறைகளில் தம் முதிராத இளமையின் சாயல் இருப்பதைக் காந்தியடிகள் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஹரிலாலும் இளம் வயதிலேயே மணம் முடித்தவர். 1918-இல் மனைவி குலாப் இறந்தபோது அவருக்கு வயது 30. தாயிழந்த அவருடைய பிள்ளைகளைப் பாட்டியும் உறவினரும் வளர்த்தனர்.