ஹார்னிமன் வட்டப் பூங்கா

மும்பை மாநகரின் கோட்டைப் பகுதியில் அலுவல் புரியும் தமிழன்பர்களுள் பலர், நண்பகல் ஓய்வு வேளையில் ஹார்னிமன் வட்டப் பூங்காவின் மரநிழலை நாடியிருப்பர். அந்நிழலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சிறிது காண்போம்.

பூங்காவுக்குக் கிழக்கே, அகன்ற படிக்கட்டுகளோடு எழுந்து நிற்பது 1833-ல் கட்டி முடிக்கப்பெற்ற டவுன் ஹால். மேற்கே நிற்பது 1718-ல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற புனித தாமஸ் தேவாலயம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி முற்காலத்தில் ‘பம்பாய்ப் பசுந்திடல்’ எனப்பட்டது. பசுமை பெயரளவில்தான், திடலெங்கும் பருத்திப் பொதிகளே குவிந்து கிடந்தன. 1844-ல் பருத்தி வாணிகம் கொலாபாவுக்கு மாறவே, திடல் குப்பைமேடாயிற்று. 1850-களில் டவுன் ஹாலுக்கு எதிரே இருந்த ஆலமரத்தடியில் பங்குத் தரகர்கள் கூடிப் பேரம் பேசி வந்தனர். 1875-ல் சங்கமாக உருப்பெற்று, பின்னர் மும்பைப் பங்குச் சந்தையாக வளர்ந்தது அவ்வாணிகமே.

குப்பைமேட்டை அழகிய வட்டமாக்கலாம் என்ற யோசனையைக் கூறியவர், போலீஸ் அதிகாரியாகப் பெயர்பெற்ற சார்லஸ் போர்ஜெட். கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு அதனை ஆதரித்தார். அவருக்குப் பின்வந்த சர் பார்ட்டில் பிரேரும் ஊக்கமளித்தார். நகராட்சி அந்நிலத்தை வாங்கி மனைகளாக விற்றது. ஒரே வகை முகப்பும் வளைவுகள் கொண்ட நடைபாதையும் உடைய மாளிகைகள் பிறைவடிவில் சூழ, அவற்றின் நடுவே 1872-ல் பூங்கா நிறைவெய்தியது. எல்பின்ஸ்டன் வட்டம் என்று அதற்குப் பெயரிட்டனர்.

நாடு விடுதலை பெற்றபின் அப்பெயர் மாறியது. ஆங்கிலேய கவர்னரின் பெயரை நீக்கிய நகரம், அவ்விடத்தில் சூட்டியதும் ஓர் ஆங்கிலேயரின் பெயரையே என்பது வியப்பன்றோ! பெஞ்சமின் கை ஹார்னிமன், 1913-ல் ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழின் ஆசிரியர் ஆனவர். ரௌலட் சட்டத்தை வன்மையாக எதிர்த்தவர். 1919 ஏப்ரலில் அரசு அவரை நாடு கடத்தியது. ஆயினும் அவர் வாய் மூடியிருக்கவில்லை. பஞ்சாபில் நிகழ்ந்த கொடுமைகளை இங்கிலாந்திலிருந்தே நூலாக எழுதி வெளியிட்டார். 1926-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். 1948-ல் பம்பாயிலேயே கண்மூடினார்.

கவர்னர் இந்நகரை ஆண்டார். பத்திரிகையாசிரியர் இந்நகர மக்களின் பொருட்டுத் துன்புற்றார். இருவருள் எவர் பெயர் நிலைக்கவேண்டும் என்பதை மக்கள் முடிவு செய்தனர். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஓர் ஊர் தன்னவர் யாவர் என்பதைப் பிறப்பைக் கொண்டு அளப்பதில்லை. தனக்கென அவர் எதைக் கொடுத்தார் என்பதைக் கொண்டே அளக்கிறது.