குழந்தைகளும் நடக்கும் மலை – டமல்பையஸ் மலைப்பாதைகளின் கதை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால், பசிபிக் கடலை ஒட்டி ஒரு மலை எழுந்து நிற்கும். பெயர் டமல்பையஸ். உயரம் சுமார் 2,570 அடி. இமயமலையை நினைத்துக் கொண்டு போனால் ஏமாற்றம்தான்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்ப் பார்த்தால் வேறு ஒரு காட்சி கிடைக்கும். தள்ளுவண்டியில் கைக்குழந்தை, அப்பாவின் தோளில் இன்னொன்று, பின்னால் கைத்தடியுடன் பாட்டி... என்று குடும்பம் குடும்பமாக நடந்து கொண்டிருப்பார்கள்.

மலை என்றால் மூச்சு வாங்க வேண்டாமா? இங்கே மட்டும் பல பாதைகள் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கின்றன? ஒரு பெரிய நகரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் இடம். மனை விலையை யோசித்தாலே தலை சுற்றும். அங்கே வீடுகள் முளைக்காமல் பாதைகள் மட்டும் எப்படித் தப்பின?

பதில் தேடிப் போனால் மூன்று விஷயங்களில் வந்து நிற்கும். ஒரு ரயில், ஒரு அணை, ஒரு நகரம். ரயில் ஓடி முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் கட்டப்படவே இல்லை.

முதலில் இருந்தவர்கள்

இந்த மலைச்சரிவுகளிலும் கடற்கரைகளிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் கடலோர மிவோக் மக்கள். 'டமல்பையஸ்' என்பதே அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர்தான். 1817ல் பக்கத்தில் சான் ரஃபேல் மிஷன் வந்தது. ஸ்பானியப் பாதிரியார்கள், பிறகு மெக்சிகோ பண்ணையார்கள், பிறகு அமெரிக்கக் குடியேறிகள் என்று ஒவ்வொருவராக வர, மிவோக் மக்கள் தங்கள் நிலத்தை இழந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் அடங்கிய பழங்குடிக்கு மத்திய அரசின் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2000ல்தான்.

மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் படுத்திருப்பது போலத் தெரியும். 'தூங்கும் பெண்' என்ற பழங்குடிக் கதையாக இதைப் பலர் சொல்வார்கள். உண்மையில் இந்தக் கதையைப் பரப்பியது 1921ல் மலைமேல் திறந்தவெளி அரங்கில் நடந்த ஒரு நாடகம்! நிலம் போன பிறகு, பழங்குடியினர் பெயரில் கதையும் மற்றவர்களே எழுதிக் கொண்டார்கள்.

வளைந்து வளைந்து போன ரயில்

அப்போது பாலம் கிடையாது. கோல்டன் கேட் பாலம் திறந்தது 1937ல். அதற்கு முன் நகரத்து மக்கள் படகில் சாசலிட்டோ வந்து, அங்கிருந்து ரயிலில் மில் வேலி என்ற சிற்றூருக்கு வருவார்கள். 1896ல் மில் வேலியிலிருந்து மலை உச்சிக்கு அருகே வரை ஒரு ரயில் பாதை போடப்பட்டது. நீளம் எட்டு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குள் 281 வளைவுகள்! 'உலகிலேயே மிகக் கோணலான ரயில் பாதை' என்று விளம்பரம் செய்தார்கள்.

ஏன் இத்தனை வளைவு? நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே சரிவைக் குறைக்க, பாதையை மலையைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கொண்டு போனார்கள். ஓரிடத்தில் தண்டவாளம் தனக்குத் தானே பக்கத்தில் ஐந்து வரிசையாக மடிந்து ஏறியது. இறங்கும்போது இன்னொரு வேடிக்கை உண்டு. எஞ்சின் இல்லாத பெட்டியில் பயணிகளை உட்கார வைத்து, பிரேக்கை மட்டும் நம்பி ஓர் ஊழியர் கீழே கொண்டு வருவார். புவியீர்ப்புதான் எஞ்சின்!

1929 ஜூலையில் மலையில் பெரும் தீ. மில் வேலியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஏற்கெனவே கார்கள் வந்து ரயிலுக்குக் கூட்டம் குறைந்திருந்தது. 1930ல் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பாதை அப்படியே நின்றது. நீராவி எஞ்சினுக்காக வெட்டிய அதே மெல்லிய ஏற்றம்தான் இன்று 'பழைய ரயில் பாதை' என்ற பெயரில் நடப்பவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. வழியில் ரயில் காலத்தில், 1904ல் கட்டிய வெஸ்ட் பாயின்ட் விடுதி இன்னும் இருக்கிறது. கார் போகாது. நடந்தோ சைக்கிளிலோதான் போக வேண்டும்.

அணைக்குத் தப்பிய காடு

மலையின் தெற்கு அடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதில் வானுயர்ந்த செம்மரங்கள், அதாவது ரெட்வுட் மரங்கள். இவற்றில் மிக உயரமானது 250 அடிக்கும் மேல். சுற்றுவட்டாரத்தில் இருந்த இத்தகைய மரங்களில் பெரும்பாலானவற்றை நகரம் கட்ட வெட்டித் தீர்த்துவிட்டார்கள். எட்டாத பள்ளத்தில் இருந்ததால் இந்தக் காடு மட்டும் மிஞ்சியது.

1905ல் வில்லியம் கென்ட் என்ற செல்வந்தரும் அவர் மனைவி எலிசபெத்தும் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் சிக்கல் வந்தது. ஒரு தண்ணீர் கம்பெனி அங்கே அணை கட்ட, கட்டாய நிலமெடுப்பு வழக்குப் போட்டது. அணை வந்தால் மரங்கள் தண்ணீருக்குள். கென்ட் யோசித்தார். தனியார் நிலத்தைத்தானே நீதிமன்றம் மூலம் எடுக்க முடியும்? நிலம் மத்திய அரசுடையது ஆகிவிட்டால்?

உடனே 295 ஏக்கரை அமெரிக்க அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். 1908 ஜனவரி 9ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். தனி மனிதர் கொடுத்த நிலத்தில் உருவான முதல் தேசிய நினைவுச்சின்னம் இதுதான். கென்ட் தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை. இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயரை வைக்கச் சொன்னார். அதுதான் மியூர் வனம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கென்ட் ஒரு மகான். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதல்ல. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான கென்ட், 1913ல் யோசெமிட்டி பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை ஆதரித்தார். அந்த அணையைத் தடுக்கக் கடைசி வரை போராடியவர் யார் தெரியுமா? அதே ஜான் மியூர்! அது மட்டுமல்ல. ஆசியர்கள் அமெரிக்காவில் குடியேறக் கூடாது என்று கென்ட் வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார். காட்டை எல்லோருக்கும் கொடுத்தவரின் 'எல்லோரில்' ஆசியர்களுக்கு இடமில்லை.

2021ல் மியூர் வன ஊழியர்கள், அங்கிருந்த வரலாற்றுப் பலகையின் மேலேயே மஞ்சள் குறிப்புகள் ஒட்டி, மிவோக் மக்களையும், காட்டைக் காக்க முதலில் குரல் கொடுத்த பெண்கள் சங்கங்களையும், கென்ட்டின் மறுபக்கத்தையும் சேர்த்தார்கள். 2025ல் அந்தக் குறிப்புகள் அகற்றப்பட்டன. நூறு ஆண்டு கழித்தும் இந்தக் காட்டின் கதையை யார் சொல்வது என்ற சண்டை ஓயவில்லை.

'நடை' என்று பெயரிட்ட ஓட்டம்

1905 முதல் மில் வேலியிலிருந்து மலையைத் தாண்டிக் கடற்கரை வரை 'டிப்சீ' ஓட்டப்பந்தயம் நடக்கிறது. ஏழு மைலுக்கு மேல். முதலில் ஆண்கள் மட்டும். பெண்கள் நீண்ட தூரம் ஓடுவதை அன்றைய விளையாட்டு அமைப்புகள் ஏற்கவில்லை. அதனால் 1918ல் பெண்களுக்கு 'டிப்சீ நடை' என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் நடை. ஓடினார்கள்! பெண்களின் உடல்நலத்துக்குக் கெடுதல் என்ற எதிர்ப்பு வலுக்க, 1922க்குப் பிறகு அது நின்று போனது. இன்று அதே பாதையில் சிறுமிகளும் பாட்டிகளும் ஓடுகிறார்கள்.

கட்டாமல் போன நகரம்

மலைக்குத் தெற்கே, பாலத்துக்கு எதிரே இருக்கும் குன்றுகளை மரின் முனை என்பார்கள். துறைமுகத்தைக் காக்க ராணுவம் இங்கே பீரங்கிகளையும், பிறகு ஏவுகணைகளையும் வைத்திருந்தது. ராணுவ நிலங்களில் வீடு கட்ட முடியாது. ஆனால் நடுவில் 2,000 ஏக்கருக்கு மேல் தனியார் பண்ணை நிலம் இருந்தது.

1960களில் தாமஸ் ஃப்ரூஜ் என்ற கட்டுமான அதிபர், கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் பணத்துடன் வந்தார். திட்டத்தின் பெயர் 'மரின்செல்லோ'. சுமார் 30,000 பேருக்கு ஒரு புது நகரம். அடுக்குமாடிக் கோபுரங்கள், கடைவீதி, உச்சியில் ஓட்டல். 1965ல் மாவட்ட நிர்வாகம் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. அகலமான சாலை வெட்டி, நுழைவாயிலும் கட்டிவிட்டார்கள்.

உள்ளூர் மக்கள் சிலரும், சில வழக்கறிஞர்களும் விடவில்லை. ஒப்புதல் கொடுத்த நடைமுறையில் குறை இருக்கிறது என்று வழக்காடினார்கள். வழக்கு இழுத்தது. கல்ஃப் நிறுவனத்துக்கும் ஃப்ரூஜுக்கும் மனக்கசப்பு வந்தது. 1969ல் ஃப்ரூஜ் இறந்துபோனார். அடுத்து நீதிமன்றமும் எதிர்த்தவர்கள் பக்கம் நின்றது. கடைசியில் 1972ல் கல்ஃப் அந்த நிலத்தை 65 லட்சம் டாலருக்கு ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் விற்றது. அதே ஆண்டு அக்டோபர் 27ல் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியை உருவாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டார். நகரத்துக்காக வெட்டிய சாலை இன்று 'மரின்செல்லோ பாதை'. அதில் கார் ஓடவில்லை. குழந்தைகள் ஓடுகிறார்கள்.

இன்று குடும்பத்தோடு நடக்க

மியூர் வனத்தின் தரைப்பகுதிப் பாதை: பெரும்பாலும் சமதளம், மரப்பலகை போட்டது. அரை மைலிலேயே திரும்பிவிடலாம். 2018 முதல் வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம்.

டென்னசி பள்ளத்தாக்குப் பாதை: 1.7 மைல், கிட்டத்தட்ட சமதளம், முடிவில் கடற்கரை. 1853ல் மூடுபனியில் கரைதட்டி உடைந்த 'டென்னசி' என்ற நீராவிக் கப்பலின் பெயர். நல்லவேளையாகப் பயணிகள் அனைவரும் தப்பினார்கள்.

வெர்னா டன்ஷி பாதை: கிழக்கு உச்சியைச் சுற்றி முக்கால் மைலுக்கும் குறைவான வட்டம். ஒரே நடையில் கடலும் விரிகுடாவும் நகரமும் தெரியும்.

பழைய ரயில் பாதை: நீளம் அதிகம், ஆனால் ஏற்றம் குறைவு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாலும் போதும்.

கடைசியாக...

இந்தப் பாதைகளில் பலவற்றை யாரும் குழந்தைகளுக்காகப் போடவில்லை. ஒன்று லாபத்துக்காக ஓடிய ரயிலின் தடம். இன்னொன்று வராத நகரத்தின் சாலை. காடோ, ஒரு வழக்குக்குப் பயந்து அவசரமாக எழுதிய தானப்பத்திரத்தால் பிழைத்தது. ஏதாவது ஒரு கட்டத்தில் எதிர்த்தவர்கள் சோர்ந்து போயிருந்தால், இன்று அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரும் அந்தக் குன்றுகளில் கோபுரங்களும்தான் இருந்திருக்கும். தள்ளுவண்டியில் போகும் குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது. தள்ளிக் கொண்டு போகும் பெரியவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.